பச்சை எழுத்தில் வந்த மெயில்

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்பாதவர்கள் நம்பாமலே படியுங்கள், எனக்கு ஒன்றும் நட்டமில்லை. ஆனால் தூக்கக் கலக்கத்தில் எதையோ பார்த்து மிரண்டிருப்பாள் என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். தூக்கமும் இல்லை, இருட்டும் இல்லை. எல்லாம் பட்டப்பகலில், வெயில் மண்டையைப் பிளக்கும் உச்சி வேளையில், ஆபீஸில் ஆட்கள் டிபன் பாக்ஸைத் திறக்கிற நேரத்தில் நடந்தது.

என் பெயர் வினோதினி. காரைக்காலுக்குத் தெற்கே, இறாலைச் சுத்தம் செய்து உறைய வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் வேலை. கம்பெனி பெயர் வேண்டாம். சூப்பர்வைசர்களிலிருந்து மேனேஜர் வரைக்கும் எல்லோருக்கும் கம்பெனியே போன் கொடுத்திருந்தது. அந்தப் போன்களைக் கட்டி மேய்ப்பதுதான் என் பிழைப்பு. என் கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் உண்டு. அதில் போனுக்கு ஒரு வரி. மெயில் எந்த எழுத்தில் தெரிய வேண்டும், கலர் வரலாமா, படம் வரலாமா, லிங்க்கைத் தொட்டால் திறக்கலாமா... எல்லாவற்றுக்கும் சின்னச் சின்ன சுவிட்ச். நான் இங்கே தட்டினால் அங்கே அவர்கள் கையில் இருக்கும் போன் மாறும். அந்தப் பக்கத்தின் பாஸ்வேர்டு என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

லிங்க் சுவிட்ச் ஆனில் இருந்தால், மெயிலில் உள்ள முகவரி நீல நிறத்தில் அடிக்கோட்டோடு தெரியும். விரல் வைத்தால் திறக்கும். ஆஃப் செய்துவிட்டால் அதே முகவரி கறுப்பு எழுத்தாகச் செத்துக் கிடக்கும். எத்தனை தடவை தட்டினாலும் திறக்காது. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சுகிர்தா தரம் பார்க்கும் பிரிவில் இருந்தாள். பட்டினச்சேரிப் பெண். அவள் மெயில் எழுதினால் பச்சைக் கலரில், தடித்த எழுத்தில்தான் எழுதுவாள். 'இது என்ன மெயிலா, கல்யாணப் பத்திரிகையா' என்று நான் கிண்டல் செய்வேன்.

"கறுப்புல எழுதுனா யாருக்கா படிக்கிறா? பச்சைன்னா கண்ணுல படும்ல."

அவள் ஒருத்தியைச் சமாளிக்க முடியாமல்தான் எல்லாப் போன்களிலும் கலரை நிறுத்தினேன். அதன் பிறகும் அவள் பச்சையில்தான் எழுதினாள். மற்றவர்களுக்குக் கறுப்பாகத்தான் போய்ச் சேர்ந்தது. அது தெரிந்தும் விடவில்லை, அப்படியொரு பிடிவாதக்காரி.

ஒரு நாள் என் மேஜைக்கு வந்து, வீடியோ மெயிலில் போக மாட்டேன் என்கிறது என்றாள். பெரிய வீடியோ போகாது என்று சொல்லி, அதைக் கம்பெனி சேமிப்பில் ஏற்றிவிட்டு லிங்க்கை மட்டும் அனுப்பக் கற்றுக் கொடுத்தேன். என்ன வீடியோ என்று நான் கேட்கவில்லை. 'தேங்க்ஸ்க்கா' என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அடுத்த வாரம் மேனேஜர் அன்பழகன் சார் எனக்குப் போன் செய்தார். எவனோ போலி மெயில் அனுப்புகிறான், எல்லார் போனிலும் லிங்க்கை இப்பவே அடைத்துவிடு என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். இதைச் செய்யலாம் சார், பாதுகாப்பு சார் என்று ஒரு வருஷமாக நானே அவர் காதில் ஓதிக்கொண்டிருந்தேன். செவிடன் காதில் ஊதின சங்கு மாதிரி இருந்த மனிதருக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்று உடனே தட்டிவிட்டேன். என் எதிரே சுவரில் கடிகாரம். மணி பன்னிரண்டேகால்.

அதே வாரம் குளிர் அறையில் அமோனியா குழாய் வெடித்தது. உள்ளே இறாலைப் பெட்டியில் கட்டிக்கொண்டிருந்த பெண்களை வெளியே தள்ளிவிட்டுச் சுகிர்தா மாட்டிக்கொண்டாள். தூக்கிக்கொண்டு வந்தபோது மூச்சில்லை. கண் இரண்டும் வெந்து போயிருந்ததாகச் சொன்னார்கள். நான் பார்க்கப் போகவில்லை, தைரியம் வரவில்லை.

விசாரணைக்கு வந்தவர்களிடம் அன்பழகன் சார் சொன்னது இதுதான்: குழாய் கசிகிறது என்று யாருமே தன்னிடம் சொல்லவில்லை, முகமூடி போடாமல் உள்ளே போனது அந்தப் பெண்ணின் தப்பு. எனக்கு ஆத்திரமாக வந்தது. செத்தவள் மேல் பழி போடுவது எவ்வளவு சுலபம். ஆனாலும் அவர் பொய் சொல்வதாக அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் சுகிர்தாவின் அம்மா மாரிக்கண்ணு கம்பெனி வாசலுக்கு வந்தார். மீன் வியாபாரம் செய்கிறவர். ஏலத்தில் அவர் குரல் கடற்கரை முழுக்கக் கேட்கும் என்பார்கள். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தானையை அவிழ்த்தார். அதில் கடற்கரை மணல் இருந்தது. மேனேஜர் கார் வெளியே வந்ததும் அந்த மணலை இரண்டு கையாலும் வாரித் தூற்றினார். கண்ணாடியில் சரசரவென்று விழுந்தது. கார் நிற்காமல் போய்விட்டது. அந்தம்மாவும் திரும்பிப் போய்விட்டார்.

குளிர் அறைப் பக்கம் முழுவதையும் பூட்டி சீல் வைத்தார்கள். ஆபீஸ் மட்டும் நடந்தது.

வழக்கப்படி சுகிர்தாவின் மெயில் கணக்கை மூடினேன். அவள் போனில் இருந்த எல்லாவற்றையும் இங்கிருந்தே அழித்தேன். என் பக்கத்தில் அவள் வரி சாம்பல் நிறமாகிவிட்டது. ஆனால் போன் கம்பெனிக்குத் திரும்ப வரவில்லை. வாங்கிக்கொண்டு வா என்று என்னை அனுப்பினார்கள்.

பட்டினச்சேரிக்கு ஸ்கூட்டியில் போய்ச் சேர்ந்தபோது நல்ல உச்சி வெயில். சுவரில் சுகிர்தாவின் படம். படத்துக்குக் கீழே வாழை இலை, சோறு, நெத்திலிக் குழம்பு. இலைக்குப் பக்கத்தில் அந்தப் போன், சார்ஜில் போட்டபடி. கருமாதி முடிந்து எவ்வளவோ நாளாகியும் அந்தம்மா தினமும் மத்தியானம் படையல் போடுவதை நிறுத்தவில்லை. ஒரு பிடி சோற்றை எடுத்து மதில் மேல் வைத்துக் காக்கையைக் கூப்பிட்டார். மீன் காயும் தெரு. காக்கைக்கா பஞ்சம்? எதிர்க் கூரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூட இறங்கி வரவில்லை. நேற்று வைத்த சோறும், அதற்கு முந்தின நாள் சோறும் மதில் மேல் காய்ந்து கிடந்தன.

போனைப் பற்றி மெல்ல எடுத்தேன்.

"அது கெடக்கட்டும் பாப்பா. அவ சோறு திங்கிற நேரத்துல அது முழிச்சிருக்கணும். காக்கா எடுத்த அன்னைக்கு நானே கொண்டாந்து குடுக்குறேன்."

இதற்கு மேல் என்ன கேட்பது? வெறுங்கையோடு திரும்பினேன். போன் காணாமல் போய்விட்டதாம் என்று ஆபீஸில் வாய் கூசாமல் ஒரு பொய்யைச் சொன்னேன்.

மறுநாள் மத்தியானம்தான் அது ஆரம்பித்தது.

டிபன் பாக்ஸை எடுக்கக் குனிந்தேன். நிமிர்ந்தபோது சுகிர்தாவின் வரியில் பச்சைப் புள்ளி. இணைப்பில் இருக்கிறது என்று அர்த்தம். நான் அழித்த போன் அது. எந்தக் கணக்கும் இல்லாத வெறும் போன். அது என் பக்கத்தோடு பேசவே முடியாது. ஏதோ கோளாறு என்று நினைத்தேன். அப்போது இன்னொன்றைக் கவனித்தேன். அன்பழகன் சார் போனில் லிங்க் சுவிட்ச் ஆனில் இருந்தது. எல்லோருக்கும் ஆஃப். அவர் ஒருவருக்கு மட்டும் ஆன். மணி பன்னிரண்டேகால்.

நான் தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை.

ஆஃப் செய்தேன். அதற்குள் அவரே அறையிலிருந்து இறங்கி வந்துவிட்டார். யாரோ விளையாடுகிறார்கள் என்று கத்தினார். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஒரு மெயில். உள்ளே ஒரு லிங்க். அனுப்பியவர் பெயர் இருக்கும் இடம் காலி. எழுத்தெல்லாம் கறுப்பு. "இப்பக் கறுப்பா இருக்கு. ஒரு நிமிஷம் முன்னாடி பச்சையா இருந்துச்சும்மா" என்றார்.

பச்சை என்றதும் என் கண் சுகிர்தாவின் வரிக்குப் போனது.

பக்கத்து மேஜை ஜொஹரா மூக்கைச் சுளித்தாள். ஐஸ் கம்பெனி வாடை அடிக்கிறதே என்றாள். எனக்கும் அடித்தது. அமோனியா வாடை. பூட்டின அறையிலிருந்து மிச்சம் மீதி வருகிறது போல என்று இருவரும் பேசிக்கொண்டோம்.

மறுநாளும் அதே பன்னிரண்டேகால். பச்சைப் புள்ளி. இந்தத் தடவை என் கண் முன்னாலேயே அவருடைய சுவிட்ச் நகர்ந்தது. யாரோ விரலால் தள்ளுவது போல, மெல்ல. நான் ஆஃப் செய்ய, அது ஆன் ஆக, மறுபடி நான் ஆஃப் செய்ய... அரைமணி நேரம் மல்லுக்கட்டினேன். பன்னிரண்டே முக்காலுக்குப் பச்சைப் புள்ளி தானாக அணைந்தது. படையல் எடுக்கிற நேரம் அது.

அவருக்குப் போனை மாற்றிக் கொடுத்தேன். புதுப் போனிலும் வந்தது. அணைத்து டிராயரில் வைத்தார். டிராயருக்குள்ளேயே வெளிச்சம் வந்தது. லிங்க்கை அவர் தொடுவதுகூட இல்லையாம். நீலமாக மாறின மறுநொடி அதுவே திறந்துகொள்கிறதாம். உள்ளே ஒரு வீடியோ ஓடுகிறதாம். நான் ஆஃப் செய்தால் நின்றுவிடுகிறது. அதனால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சம்தான் ஓடியிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு நாளும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது.

அவர் கண் சிவக்க ஆரம்பித்தது. தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. தூசி என்றார், ஏசி என்றார். பிறகு எதுவும் சொல்லவில்லை. மத்தியானத்தில் நான் சாப்பிடப் போகக் கூடாது என்று மட்டும் உத்தரவு போட்டார். சுவிட்சுக்குக் காவல் நான். அந்த மனிதரின் கண் என் கையில் இருந்தது. பிடிக்காத மேனேஜர்தான். ஆனாலும் பார்க்கப் பாவமாக இருந்தது, ஒரு நாள்கூட விடாமல் காவல் காத்தேன்.

மாங்கனித் திருவிழா வந்தது. ஊருக்கே விடுமுறை. சனமெல்லாம் மாடியிலிருந்து இறைக்கிற மாங்கனியைப் பிடிக்கத் தெருவில் நின்றது. நான் மட்டும் காலி ஆபீஸில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாடியில் தன் அறையில் அவர். வாசலில் வாட்ச்மேன். வேறு ஆள் இல்லை. அவர் எனக்குப் போன் போட்டார், இருவருமே ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டோம்.

பன்னிரண்டேகால். பச்சைப் புள்ளி.

சுவிட்ச் நகர்ந்தது. ஆஃப் செய்தேன். நகர்ந்தது. ஆஃப் செய்தேன். அன்றைக்கு அது முன்னை விட வேகமாக நகர்ந்தது. ஸ்பீக்கரில் அவர் மூச்சு வாங்கும் சத்தம்.

"என்ன சார் தெரியுது?"

"அதே ரூமு. அதே கொழா. வெள்ளையா பொகை வருது... அன்னைக்குப் பாத்ததைவிட ரொம்பக் கிட்டக்க வந்துடுச்சும்மா."

"என்னைக்கு சார் பாத்தீங்க?"

ஏசி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"என்னைக்கு சார்?"

"அவ அனுப்புன அன்னைக்கு."

என் விரல் நின்றது. கசிவைப் பற்றி யாரும் சொல்லவே இல்லை என்று விசாரணையில் சத்தியம் செய்த மனிதர். அவள் எடுத்த வீடியோ. நான் கற்றுக் கொடுத்த லிங்க். பன்னிரண்டேகாலுக்கு வந்த போன்.

"அவ அந்த லிங்க்க எல்லா சூப்பர்வைசருக்கும் அனுப்பியிருந்தாளா சார்? மத்தவங்க பாத்துடக் கூடாதுன்னுதான் அடைக்கச் சொன்னீங்களா?"

"கப்பல்ல சரக்கு ஏத்துற வாரம்மா அது. அந்த வீடியோவப் பாத்தா ஒருத்தி உள்ள போவாளா, நீயே சொல்லு. அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம். மொதல்ல ஆஃப் பண்ணு."

அவர் அதைச் சொன்ன விதம்... ஏதோ நியாயம் கேட்பது போலச் சொன்னார்.

நான் மவுஸிலிருந்து கையை எடுத்தேன். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன்.

சுவிட்ச் நகர்ந்தது.

ஆன்.

"வினோதினி, திறந்துடுச்சு. ஆஃப் பண்ணு."

என் கை மடியிலேயே இருந்தது.

"வினோதினி..."

ஸ்ஸ்ஸ்... என்று ஒரு சத்தம். முதலில் ஸ்பீக்கரில் கேட்டது. பிறகு மாடிப்படியிலிருந்து கேட்டது.

வாடை இறங்கி வந்தது. மூக்கில் ஊசி குத்தியது.

ஒரு குரல் கேட்டது. அவர் குரல் இல்லை. பெண் குரல். ரொம்பச் சாதாரணமாக, வேலை நேரத்தில் பேசுகிற மாதிரி...

"பாருங்க சார்."

அலறல்.

"நல்லாப் பாருங்க."

அப்புறம் அலறலும் இல்லை.

ஸ்ஸ்ஸ்...

நின்றது.

பன்னிரண்டரை. பச்சைப் புள்ளி அணைந்திருந்தது. அவ்வளவு சீக்கிரம் அது ஒரு நாளும் அணைந்ததில்லை.

வாட்ச்மேனைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனேன். அவர் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார். உயிர் இருந்தது. போன் கையில் இருந்தது. இரண்டு கண்ணும் திறந்திருந்தன. பால் மாதிரி வெளுத்திருந்தன. மேஜை மேல் கடற்கரை மணல் கொஞ்சம் சிந்திக் கிடந்தது.

நான் வருத்தப்பட்டேனா என்று கேட்கிறவர்களுக்கு உண்மையைச் சொல்கிறேன். இல்லை. ஆம்புலன்ஸ் போகும் வரைக்கும் கூட இல்லை. அவள் கண் வெந்து செத்தாள். இவர் அதை முன்னாலேயே பார்த்துவிட்டு மூடி வைத்தார். எனக்குள் கோபம் மட்டும்தான் இருந்தது.

பிறகு தெரிந்ததைச் சொல்கிறேன். கண் மருத்துவர் அமோனியா பட்ட புண் என்று எழுதினார். பார்வை திரும்பாது. ஆனால் மருத்துவருக்கே ஒன்று புரியவில்லையாம். கன்னத்தில், இமை மேல், கையில் ஒரு கொப்புளம் இல்லை. இமைக்கு உள்ளே மட்டும் வெந்திருக்கிறது. கண்ணைத் திறந்து பிடித்துக்கொண்டு செய்த மாதிரி இருக்கிறது என்றாராம். மறுபடி கசிவோ என்று அதிகாரிகள் வந்து சீலை உடைத்துப் பார்த்தார்கள். குழாய்கள் காலி. விபத்து நடந்த வாரமே வாயு முழுவதையும் உறிஞ்சி எடுத்து, தொட்டியையும் குழாய்களையும் கழுவிவிட்டுத்தான் பூட்டினார்களாம். அந்தக் கட்டடத்தில் அதன் பிறகு ஒரு சொட்டு அமோனியா கிடையாது. அப்படியென்றால் நானும் ஜொஹராவும் தினமும் மத்தியானம் முகர்ந்தது என்ன என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பட்டினச்சேரிக்குப் போனேன். அந்தம்மா என்னைப் பார்த்ததும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"மாங்கனியன்னைக்கு காக்கா எடுத்துச்சு பாப்பா. இத்தன நாளு கிட்டயே வராதது, பன்னண்டரைக்கு தானா எறங்கி வந்துச்சு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இனிமேல் அவள் நிம்மதியாகப் போய்விடுவாள் அம்மா என்று சொல்லி, போனை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. படத்துக்குக் கீழே அது சார்ஜில் இருந்தது. இலையும் போட்டிருந்தது.

"இல்ல பாப்பா. பாதிதான் எடுத்துச்சு. மீதிய மூக்காலகூடத் தொடல. நேத்தும் தொடல, இன்னைக்கும் தொடல. இன்னும் யாரு மேல கோவமோ தெரியல, பாதிய வச்சிருக்கா."

நான் மதிலைப் பார்த்தேன். பாதிச் சோறு அப்படியே இருந்தது. கூரை மேல் காக்கைகள் வரிசையாக உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

வேலையை விட்டுவிட்டேன். அந்தப் பக்கத்தின் பாஸ்வேர்டு இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. கம்பெனி போனையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் தினமும் மத்தியானம் என் வலது ஆள்காட்டி விரலில் அந்த வாடை அடிக்கிறது. சோப்புப் போட்டாலும் போகவில்லை, எலுமிச்சை தேய்த்தாலும் போகவில்லை.

லிங்க்கை அடைக்கச் சொன்னது அன்பழகன் சார். அடைத்தது என் விரல். எதற்கென்று தெரியாமல்தான் செய்தேன், சந்தோஷமாகச் செய்தேன். அதை அந்தம்மாவிடம் நான் சொல்லவில்லை. வேறு யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்தவள் ஒருத்திதான்.